சில்லும் நஞ்சும்: திருவனந்தபுரத்துக் கண்ணாடிகளின் சரித்திரம்

திருவிதாங்கூரின் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், 1874-ஆம் ஆண்டு பழைய கட்டடம் இடிக்கப்பெற்று, சென்னை அரசாங்கத்தின் கட்டடக்கலை ஆலோசகராக இருந்த ராபர்ட் சிஷோம் வகுத்த திட்டப்படி புதிதாக எழுப்பப்பட்டு, 1880-இல் நிறைவெய்திய நேப்பியர் அருங்காட்சிச்சாலை, திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் கண்டு செல்லும் கட்டடங்களில் ஒன்று. கேரளத்து மரவேலையின் முக்கோண முகப்புகளையும், சரிந்திறங்கும் கூரைகளையும், மேனாட்டு முறையும் முகலாய முறையும் கலந்த வளைவுகளையும் ஓரிடத்தில் இணைத்து வைத்த அந்தக் கலைஞர், வெயிலின் கடுமையைத் தணித்து வர்ணமாக மாற்றி உள்ளே அனுப்பும் பொருட்டு அங்கே வண்ணக் கண்ணாடிப் பலகணிகளையும் அமைத்தார். அதே ஆண்டுகளில் சென்னையில் அவர் நிர்மாணித்த பல்கலைக்கழகத்துச் செனட் மாளிகையிலும் இத்தகைய பலகணிகள் உண்டு. கண்ணாடி வழியே வந்து தரையில் விழும் சிவப்பையும் நீலத்தையும் கண்டு மகிழாதவர் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பையும் நீலத்தையும் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டையில் கோத்து, உயரத்தில் ஏற்றிப் பொருத்துகிற தொழிலில் கைகளும் கண்களும் நுரையீரல்களும் எவ்வளவு துன்பத்துக்கு ஆளாகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

கட்டடத்தைக் கட்டுவித்த அரசரையும், அதை வகுத்த கலைஞரையும், யாருடைய கௌரவத்துக்காகப் பெயரிடப்பட்டதோ அந்தக் கவர்னரையும் சரித்திரம் நினைவில் வைத்துக்கொள்கிறது; கண்ணாடியைத் தொட்டு வேலை செய்தவரை அது நினைவில் வைப்பதில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. கண்ணாடி வேலையில் அபாயம் இருவகைப்படும். ஒன்று, கண்ணுக்குத் தெரிவது: உடைந்த விளிம்பு, தெறித்த சில்லு, சுடும் குழம்பு. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாதது: ஈயத் தூள், பாதரச ஆவி, மணல் தூசி, உலையின் கதிர். முதல் வகையைத் தொழிலாளர்கள் தாமே அறிந்து, தந்தை மகனுக்கும் ஆசான் மாணவனுக்கும் வழிவழியாகக் கற்றுக் கொடுத்து, பெரும்பாலும் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். இரண்டாவது வகையோ, எவருடைய கைத்திறமைக்கும் பிடிபடாமல், தலைமுறை தலைமுறையாக அவர்களை உள்ளிருந்தே அரித்தது. சிறிய தீங்கு பெரிய கவனத்தைப் பெற்றது. பெரிய தீங்கு எவர் கவனத்தையும் பெறவில்லை. கண்ணாடித் தொழிலின் சரித்திரம் முழுவதிலும் ஓடும் துயரம் இதுவே.

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் அரண்மனைகளில் கண்ணாடி நுழைவதற்கு முன்பிருந்த நிலையை அறிய வேண்டுமானால், 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்படும் வரையில் அரசிருக்கையாக விளங்கிய பத்மநாபபுரத்துக்குச் செல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருந்து வரும் அந்த அரண்மனையில், அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் பலகணிகளில், காக்காய்ப்பொன் என்று நாட்டில் வழங்கும் அப்பிரகத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சத்தை மங்கலாக்கி உள்ளே விடுவதும், வெப்பத்தையும் புழுதியையும் வெளியே நிறுத்துவதும் அத்தகடுகளின் பணி. அப்பிரகம் அடுக்கடுக்காக உரியும்; வளையும்; ஓரம் பிய்யும்; ஆனால் கண்ணாடியைப் போல் வெடித்துக் கூர்ந்த சில்லுகளாகச் சிதறாது. கோவாவில் போர்த்துகீசியர் காலத்து வீடுகளின் சன்னல்களில் மெல்லிய சிப்பி ஓடுகளைப் பதித்ததும் இதே வகை ஏற்பாடுதான். வெளிச்சம் வேண்டும், ஆனால் வெட்டுக்காயம் வேண்டாம் என்று எவரும் திட்டமிட்டு இவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் கூறவில்லை. கைக்கு எட்டிய பொருளை அவர்கள் பயன்படுத்தினார்கள். எனினும், அவற்றை வெட்டிப் பொருத்திய தச்சனின் விரல்களுக்கு அவை இழைத்த தீங்கு மிகக் குறைவு.

முகம் பார்க்கும் விஷயத்திலும் இந்நாட்டின் பழைய மரபு கண்ணாடியை நாடவில்லை. பம்பை நதிக்கரையில் உள்ள ஆறன்முளையில் இன்றும் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடி, செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து உருக்கி, மண் கருவில் வார்த்து, நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றப்படுவது. அக்கலவையில் வெள்ளீயத்தின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அந்த அளவில்தான் உலோகம் வெண்மை பெற்று உருவத்தைத் திரிபின்றிக் காட்டுகிறது. ஆனால் அதே அளவுதான் அவ்வுலோகத்தை நொறுங்கும் தன்மை உடையதாகவும் செய்கிறது. தரையில் விழுந்தால் அது வெண்கலப் பாத்திரம் போல் நசுங்காது. கண்ணாடி போலவே உடையும். ஆகவே ஆறன்முளைத் தொழிலாளர்கள் வார்த்த தகட்டை அரக்கைக் கொண்டு ஒரு பலகையில் பதித்த பிறகே மெருகிடத் தொடங்குவார்கள். ஒளிரும் பொருள் நொறுங்கும் பொருளாகவும் இருக்கும் என்பதை இவர்கள், கண்ணாடிப் பாளங்கள் கப்பலேறி வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைமை மாறிற்று. இசைக்கும் சாகித்தியத்துக்கும் பேர்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) பத்மநாபசுவாமி கோயிலின் அருகே எழுப்பிய குதிரமாளிகை, கூரையின் அடியில் வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக்குதிரைகளால் அப்பெயர் பெற்றது. இன்று காட்சிச்சாலையாக இருக்கும் அம்மாளிகையில், யானைத் தந்தத்தாலான சிம்மாசனத்தோடு, பளிங்குக் கண்ணாடியாலான சிம்மாசனம் ஒன்றையும், பெல்ஜியத்திலிருந்து வந்த பெரிய நிலைக்கண்ணாடிகளையும் காணலாம். ஐரோப்பியக் கண்ணாடி என்பது அக்காலத்துச் சமஸ்தானங்கள் அனைத்திலும் அந்தஸ்தின் அடையாளமாயிற்று. செட்டிநாட்டு மாளிகைகளில் இன்றும் தொங்கும் சரவிளக்குகளும் அந்த மோகத்தின் எச்சங்களே.

இத்தகைய கண்ணாடி திருவனந்தபுரத்தை அடைவது எளிதாக இருக்கவில்லை. நகரத்துக்கு அக்காலத்தில் பெரிய துறைமுகம் இல்லை. ரயில்பாதை கொல்லத்திலிருந்து இங்கே எட்டியது 1918-இல்தான். அதற்கு முன், கௌரி பார்வதிபாயி ராணியின் ஆட்சிக் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு முதலிய நீர்வழிகளில் தோணிகளாலும், கரையில் மாட்டுவண்டிகளாலும், இறுதியில் மனிதரின் தோள்களாலுமே கனத்த பெட்டிகள் இடம் பெயர்ந்தன. கண்ணாடிப் பாளத்தைத் தூக்கிச் செல்வது ஒரு தனிக் கலை. அதைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்தாலேயே நடுவில் வளைந்து விரிசல் காணும். ஆகையால் எப்போதும் ஓரத்தின்மேல் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். இருவர் தூக்கினால் ஒரே அடியளவில் நடக்க வேண்டும். தடுமாறி விழும் பாளத்தைத் தாங்கிப் பிடிக்க முயலாமல், கையை விட்டுப் பின்வாங்கி நிற்பதே முதற்பாடம். பொருளின் மதிப்பை எண்ணி அதைப் பிடிக்கப் போகிறவன், மணிக்கட்டின் நரம்பையும் இரத்தக் குழாயையும் இழக்கிறான். பாளம் போனால் மற்றொரு பாளம் வரும், கை போனால் மற்றொரு கை வராது என்னும் இந்த எளிய நியாயத்தை, முதலாளியின் கோபத்துக்கு அஞ்சும் கூலியாள் தக்க நேரத்தில் நினைத்துக்கொள்வது எவ்வளவு கடினம்! அபாயம் கண்ணாடியில் மட்டும் இல்லை. உடைந்த பாளத்தின் விலையைச் சுமந்தவனின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளும் வழக்கத்திலும் இருந்தது.

மலையாள நாட்டின் மழையும் தன் பங்குக்குச் சேதம் விளைத்தது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமுமாக ஆண்டில் இருமுறை நனையும் ஊரில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த பாளங்களுக்கிடையே ஈரம் புகுந்து தங்கினால், கண்ணாடியிலுள்ள காரச் சத்து அந்நீரில் கரைந்து மேற்பரப்பையே அரித்துவிடுகிறது. பாளங்கள் மங்குவதோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிரிக்க முயலும்போது கையிலேயே உடைகின்றன. இடையிடையே காகிதம் வைப்பதும், காற்றோட்டம் உள்ள இடத்தில் சாய்த்து வைப்பதும் இதன் பொருட்டுத்தான். கடற்காற்று வீசும் ஊர்களில் இன்னொரு சேதமும் உண்டு. பலகணியைத் தாங்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பருத்துவிடுகிறது. பருத்த கம்பி அருகிலுள்ள கண்ணாடியை நெருக்கிப் பிளக்கிறது. எவரும் தொடாமலே ஒரு பலகணி உடைந்தது என்று கேட்டு மக்கள் வியப்பதுண்டு. அதை உடைத்தது துரு.

கண்ணாடி ஏன் இவ்வாறு திடீரென்று உடைகிறது என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான விடை கண்டது மிகப் பிற்காலத்தில். 1921-இல் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர், கண்ணாடியின் உண்மையான வலிமை அதன் மேற்பரப்பிலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்களால் குறைந்துபோகிறது என்றும், இழுவிசை முழுவதும் அக்கீறலின் முனையில் குவிந்து, ஓர் எல்லையைக் கடந்தவுடன் விரிசல் தானே ஓடிவிடுகிறது என்றும் நிறுவினார். அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடி இழுப்பைத் தாங்காததன் காரணமும் இதுவே. ஆனால் வைரமுனையால் ஒரு கோடு கிழித்து, அக்கோட்டின் இருமருங்கும் பிடித்து மெல்ல மடக்கிக் கண்ணாடியைத் துண்டாக்கும் தொழிலாளி, இந்த உண்மையை அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே விரல்களால் அறிந்திருந்தான். ஒரே கோட்டில் இருமுறை கீறலாகாது என்றும், கீறியவுடன் தாமதியாது முறிக்க வேண்டும் என்றும், முறிக்கும்போது விளிம்பு முகத்துக்கு நேராக வரலாகாது என்றும் அவன் ஆசான் அவனுக்குக் கற்பித்திருந்தார்.

உஷ்ணத்தின் விஷயமும் அவ்வாறே. ஊதிய பாத்திரத்தையோ வார்த்த பாளத்தையோ திறந்த காற்றில் ஆறவிட்டால், மேல்தோல் முதலில் இறுகி, உட்பகுதி பின்னர்ச் சுருங்க முயன்று, பொருள் தன்னுள்ளேயே ஓயாத போராட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். இன்றோ, நாளையோ, ஒரு மாதம் கழித்தோ, சிறு தட்டலில் அது வெடிக்கும். உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டு இறுக்கினால், அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாமல், வாலைக் கிள்ளியவுடன் முழுவதும் தூளாவதைப் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பா வேடிக்கையாகக் கண்டது. ரூபர்ட் இளவரசரின் பெயரால் வழங்கும் அத்துளிகள் இந்த உட்போராட்டத்தின் கண்கூடான சாட்சி. அதைத் தவிர்க்கத்தான், செய்த பொருளைத் தனி அறையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றும் முறை தோன்றிற்று. பொறுமை இத்தொழிலில் ஒரு நற்குணம் மட்டும் அன்று. பாதுகாப்பின் முதல் விதி.

கண்ணுக்குத் தெரிந்த அபாயத்தை அரசாங்கங்களும் ஆதியிலேயே கவனித்தன. 1291-இல் வெனிஸ் குடியரசு தன் நகரத்துக் கண்ணாடி உலைகள் யாவற்றையும் மூரானோ தீவுக்கு மாற்றும்படி கட்டளையிட்டது. மரவீடுகள் நெருங்கிய நகரத்தில் தீ பரவும் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழிலின் ஆபத்தை முன்னிட்டுத் தொழிலையே இடம் மாற்றிய பழைய ஆணைகளில் அது முக்கியமானது. ஆனால் அந்த ஆணை காப்பாற்றியது நகரத்தை, தொழிலாளியை அன்று. தீ நகரத்தை விட்டுத் தீவுக்குப் போயிற்று. தொழிலாளியும் அத்தீயோடு போனான்.

அவனுடைய துன்பத்தை நூலில் பதிந்த முன்னோடிகளுள் ஒருவர் பெர்னார்தினோ ராமத்சீனி என்னும் இத்தாலிய வைத்தியர். தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட நூல், வைத்திய சரித்திரத்தில் ஒரு புதிய வழியைத் திறந்தது. நோயாளியை விசாரிக்கும்போது அவன் செய்யும் தொழில் என்ன என்றும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்திய அந்தப் பெரியவர், கண்ணாடி ஊதுவோரின் மார்பு வறண்டு கண்கள் பலவீனப்படுவதையும், நிலைக்கண்ணாடி செய்வோர் நடுக்கத்தாலும் மூச்சுத் திணறலாலும் வருந்துவதையும் கவனித்து எழுதினார். நிலைக்கண்ணாடிக்கு ரசம் பூசும் பழைய முறை இது: தட்டையாக விரித்த வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடிப் பாளத்தை நழுவவிட்டு, பாரம் ஏற்றி, மிகுந்த பாதரசத்தை வடியவிடுவார்கள். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அது வடியும். அத்தனை காலமும் அறையின் காற்றில் ஆவி கலந்துகொண்டே இருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை, எரிச்சலும் இல்லை. பல் ஆட்டம் கண்டு, ஈறு வீங்கி, கை நடுங்கி, மனம் தளர்ந்து, தன்னைப் பிறர் நோக்குவதையே தாங்காத கூச்சம் பற்றிக்கொள்ளும் வரையில் தொழிலாளி தனக்கு நேர்வதை உணர்வதில்லை. பவேரியாவில் ஃப்யூர்ட், எர்லாங்கென் நகரங்களின் நிலைக்கண்ணாடித் தொழிலாளரை ஆராய்ந்து, அடால்ஃப் குஸ்மவுல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1861-இல் வெளியிட்ட நூல் இந்நோயின் லட்சணங்களை ஐயமறத் தெளிவாக்கியது.

இதற்கிடையில், 1835-இல் யூஸ்டுஸ் ஃபோன் லீபிக் என்னும் ரசாயன மேதை, வெள்ளி உப்பின் கரைசலிலிருந்து தூய வெள்ளியை மெல்லிய படலமாகக் கண்ணாடியின்மேல் படியச் செய்யலாம் என்று கண்டிருந்தார். பாதரசம் இல்லாமலே நிலைக்கண்ணாடி செய்யும் வழி அப்போதே திறந்துவிட்டது. எனினும் பழைய முறை உடனே மறையவில்லை. புதிய முறை மலிவாகவும் உறுதியாகவும் வளரும் வரையில் பல பத்தாண்டுகள் பாதரசத் தொட்டிகள் ஓயாது வேலை செய்தன. சுவாதித் திருநாள் காலமான 1846-இல் ஐரோப்பியப் பட்டறைகளில் வழங்கி வந்தது பாதரச முறையே. அந்தத் தலைமுறையின் அரச மாளிகைகளை அலங்கரித்த பெரிய நிலைக்கண்ணாடிகளின் முன் இன்று நாம் நிற்கும்போது, கடல் கடந்த ஊர்களில் கை நடுங்கிய மனிதர்களின் உழைப்பையும் சேர்த்தே பார்க்கிறோம். நாம் விலை கொடுத்து வாங்கியது ஒளியை; அதன் துன்பத்தைப் பிறர் ஏற்றுக்கொண்டார்கள்.

வண்ணக் கண்ணாடிப் பலகணியின் நஞ்சு ஈயம். வரைந்த படத்தின்மேல் வெட்டிய துண்டுகளை வைத்து, இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகி, சந்துகளைப் பற்றவைத்து, இடைவெளிகளில் மக்கு அடைத்துத் தேய்ப்பது அதன் செய்முறை. பட்டறையில் நாள்தோறும் நேரும் சிறுவெட்டுகளுக்குத் துணியும் மஞ்சளும் கட்டித் தொழிலாளி வேலையைத் தொடர்வான்; அவை ஆறிவிடும். ஆனால் பட்டையைக் கையாண்ட விரல்களில் படியும் சாம்பல் நிறத் தூள், அதே விரல்களால் உணவை எடுக்கும்போது உடலுக்குள் போகிறது. பற்றவைக்கும் புகையைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஈயம் ஆவியாகும் அளவுக்கு அங்கே உஷ்ணம் ஏறுவதில்லை. உண்மையான வழி கையிலிருந்து வாய்க்கு. வயிற்றுவலி, இரத்தசோகை, மணிக்கட்டு தொங்கிப்போதல் என்று அந்த நஞ்சு மெல்ல வெளிப்படும். பழைய பலகணியைச் செப்பனிடுவதில் அபாயம் இன்னும் அதிகம். ஆண்டுக்கணக்காக ஈரமும் காற்றும் பட்ட ஈயத்தின்மேல் வெண்ணிறப் பொடி படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பவர் அதைச் சுவாசிக்கவும் செய்கிறார். நேப்பியர் அருங்காட்சிச்சாலையின் வயதை எட்டிய எந்தப் பலகணியும் இந்த எச்சரிக்கைக்கு உரியதே.

இதோடு, கண்ணாடியில் உருவங்களை அரித்தெடுக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையும் குறிப்பிட வேண்டும். 1771-இல் ஷீலே என்னும் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஆராய்ந்து அறிவித்த இந்த அமிலம், மற்ற அமிலங்களுக்குப் பெரும்பாலும் அசையாத கண்ணாடியைக் கரைக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாது. மணிக்கணக்கில் உள்ளே ஊடுருவி, உடலின் சுண்ணச் சத்தைப் பிணைத்துக்கொண்டு, எலும்பு வரை சேதப்படுத்திய பிறகே கடும் வேதனை தொடங்கும். தெரியும் அபாயத்துக்கும் தெரியாத அபாயத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடக் கொடுமையாகக் காட்டும் பொருள் இத்தொழிலில் வேறில்லை.

உலையருகே வேலை செய்வோரின் கதை நம் நாட்டிலேயே இரண்டாயிரம் ஆண்டு நீளமுடையது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வால் உலகப் புகழ்பெற்ற அவ்விடத்தில், இழுத்துச் செய்யும் சிறு மணிகள் பழங்காலத்தில் பெருவாரியாகச் செய்யப்பட்டுக் கடல் கடந்து சென்றன. அதே முறை காளத்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை வாழ்ந்து வந்தது. இரும்புக் குழாயில் சுற்றிய கண்ணாடிக் குழம்பை உலையில் சுழற்றி, அதன் உள்ளே துளையிட்டு, முனையை வெளியே பற்றி மெல்லிய குழலாக மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆறிய குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி சாம்பலில் கலந்து மீண்டும் சூடாக்கினால், வெட்டுண்ட கூர் விளிம்புகள் மழுங்கி உருண்டையாகும். அணிகிறவரின் கழுத்தைக் கிழிக்காதபடி செய்த ஏற்பாடு அது. எவ்வளவு நுட்பமான அக்கறை! இழுத்தவரின் கண்ணைக் காக்க அத்தகைய ஏற்பாடு எதுவும் அந்நாளில் இருக்கவில்லை.

வெண்சூடான குழம்பைப் பல ஆண்டுகள் நேரே நோக்குவதால், அகச்சிவப்புக் கதிர் விழியாடியில் புரை விழச் செய்கிறது. இது கண்ணாடித் தொழிலாளருக்கே உரிய நோயாக ஐரோப்பாவில் நெடுநாள் அறியப்பட்டிருந்தும், அதைத் தடுக்கும் சாதனத்துக்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1913-இல், தம் எண்பதாம் பிராயத்தைக் கடந்திருந்த வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பலவகை உலோகச் சத்துகளைக் கலந்து பார்த்து, அந்தக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்து வெளிச்சத்தை மட்டும் விடும் கண்ணாடிகளை உருவாக்கி அறிவித்தார். கண்ணாடியால் கெட்ட கண்ணைக் கண்ணாடியே காத்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்தக் கண்புரை இடம்பெற்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தெறிக்கும் துணுக்குகளிலிருந்தும் மிகுந்த ஒளியிலிருந்தும் கண்ணைக் காக்கும் சாதனங்களை அளிக்கும்படி விதித்ததோடு, ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, மணல் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் ஆகியவற்றை அறிவிக்க வேண்டிய நோய்களாகவும் வகுத்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணை பின்னர் விரிவாக்கப்பட்டபோது, வளையல் உள்ளிட்ட கண்ணாடிப் பொருள் உற்பத்தியில் குழந்தைகளை ஈடுபடுத்துவதும் தடைசெய்யப்பட்டது. ஃபிரோஸாபாத்து வளையல் உலைகளின் அனல் அத்தடையின் பின்னே இருந்தது.

சட்டம் தொழிற்சாலையின் வாயில் வரையில் வருகிறது. சிறு பட்டறைக்குள் அது எளிதில் நுழைவதில்லை. கண்ணாடிக் கலையோ பெரும்பாலும் சிறு பட்டறைகளிலேயே வாழ்கிறது. தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்தில் தழைத்த கண்ணாடி ஓவியம், பாளத்தின் பின்புறத்தில் முன்னுள்ளதைப் பின்னாகவும் பின்னுள்ளதை முன்னாகவும் தீட்டி வருவது. வர்ணம் கண்ணாடியில் ஊறாமல் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதால், பாளம் உடைந்தால் ஓவியமும் அதோடு அழியும். ரவிவர்மாவின் படங்கள் அச்சேறி வீடுதோறும் பரவிய பின், திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் தோன்றித் தமிழ் வணிகர் பலர் குடியேறிய சாலைக் கடைத்தெருவைப் போன்ற கடைவீதிகளில், படத்துக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுவது ஒரு தொழிலாகவே பெருகிற்று. சாமி படத்துக்குக் கண்ணாடி வெட்டுகிறவர் பெரும்பாலும் கையுறை அணிவதில்லை. விளிம்பின் நிலையைத் தோலால் உணர வேண்டும் என்பது அவர் கூறும் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் விளிம்பைச் சாணைக்கல்லால் ஒருமுறை மழுக்குவதும், மேசைத் துணுக்குகளைக் கையால் வழிக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதும், தேய்க்கும்போது தண்ணீர் விடுவதும், உணவுக்கு முன் கை கழுவுவதும், கண்ணுக்கு மறைப்பு அணிவதும் கைத்திறமையைக் குறைக்கும் செயல்கள் அல்ல. நுண்ணிய மணலே கண்ணாடியின் மூலப்பொருள் என்பதை நினைத்தால், தண்ணீர் விட்டுத் தேய்ப்பதன் அவசியம் தானே விளங்கும்.

அந்த மணலும் இந்த நாட்டிலேயே இருக்கிறது. ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலைக் கரையின் வெண்மணல், கண்ணாடி செய்வதற்கு உகந்தது என்று நெடுங்காலமாகப் பேர்பெற்றது. ஆகவே கண்ணாடியின் துன்பம் எங்கோ ஐரோப்பாவில் நிகழ்ந்து முடிந்த பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. மணலைத் தோண்டுபவர் முதல், நூற்றாண்டுப் பழமையான பலகணியின்மேல் ஏணி வைத்து ஏறுபவர் வரையில், அந்த அபாயம் இப்போதும் நம்மவர்களின் கைகளில்தான் இருக்கிறது.

பண்டைத் தொழிலாளர்கள் சில்லை வென்றது சட்டத்தால் அன்று, பழக்கத்தால். நஞ்சை அவர்கள் வெல்ல முடியாமற்போனது மூடத்தனத்தாலும் அன்று. அறிய வேண்டியதை அவர்களுக்கு எவரும் அறிவிக்காததால். இன்று அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. ஆகவே பழங்கட்டடங்களைக் காக்கும் அரசும் ஆலயங்களும் தனவந்தரும், ஒரு பலகணியைச் செப்பனிட ஒப்பந்தம் எழுதும்போது, ஈயச் சோதனைக்கும் கண்மறைப்புக்கும் உறுதியான சாரத்துக்கும் ஈரத்தில் வேலை செய்யும் வசதிக்கும் ஆகும் செலவைத் தனியே குறித்து ஒதுக்க வேண்டும். உடைந்த பாளத்தின் விலையை உழைப்பவனின் கூலியிலிருந்து பிடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வேலை முடிந்தபின் கட்டுவித்தவரின் பெயரோடு கண்ணாடியைக் கோத்தவரின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கண்ணாடியின் சௌந்தரியத்துக்கு நாம் கூறும் விலையில், அதைச் செய்கிறவரின் கைக்கும் கண்ணுக்கும் மூச்சுக்கும் உரிய காவலின் விலை சேர்ந்திருக்க வேண்டும்; அது சேராத விலை, எவ்வளவு பெரிதாயினும், நியாயமான விலை ஆகாது.